இணைய முகவரியில் மொழி எங்கே நிற்க வேண்டும்?

சில மாதங்களுக்கு முன்னர் அரச நிறுவனம் ஒன்று தொழிற்பயிற்சி நெறிகளுக்கு விண்ணப்பம் கோரி அறிவித்தல் ஒன்றைத் தனது இணையத்தளத்தில் வெளியிட்டிருந்தது. அறிவித்தல் மும்மொழிகளிலும் இருந்தது. தமிழ் மொழிபெயர்ப்பும், நாம் வழமையாகக் காண நேரும் மொழிபெயர்ப்புக்களோடு ஒப்பிடுகையில், குறைசொல்ல முடியாத வகையிலேயே அமைந்திருந்தது. அதனைக் கண்ட நாம், மூதூர்ப் பகுதியில் உயர்தர மாணவர்களுக்கு வழிகாட்டி வரும் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவருக்கு அப்பக்கத்தின் முகவரியைப் பிரதி செய்து வட்ஸ்அப் மூலம் அனுப்பி வைத்தோம். மறுநாள் அவரிடமிருந்து வந்த பதில் எம்மைத் திகைக்க வைத்தது. "இது சிங்களத்தில்தானே இருக்கிறது, தமிழில் வெளியிடவில்லையா?" என்று அவர் கேட்டிருந்தார்.

நடந்தது இதுதான். நாம் அத்தளத்தில் 'தமிழ்' என்ற பொத்தானை அழுத்தியபோது பக்கம் தமிழுக்கு மாறியது. ஆனால் முகவரி மாறவில்லை. எமது தெரிவை அத்தளம் எமது கணினியிலேயே ஒரு சிறு குறிப்பாகப் பதிந்து வைத்துக்கொண்டது. 'குக்கி' என்று கணினித் துறையினர் அழைப்பது அக்குறிப்பைத்தான். அதிபரின் கைத்தொலைபேசியில் அக்குறிப்பு இருக்க நியாயமில்லை. எனவே அதே முகவரி அங்கே சிங்களத்தில் திறந்தது. அவரோ அதற்கிடையில் பெற்றோர் சிலரிடம் தமிழில் அறிவித்தல் வெளிவரவில்லை என்று கூறியும் விட்டார். அது திருத்தப்பட்டு உரியவர்களின் காதுகளை எட்டியபோது விண்ணப்ப இறுதித் திகதிக்கு இரண்டு நாட்களே எஞ்சியிருந்தன. நாம் முடிவில் அவருக்கு அனுப்பியது முகவரியை அல்ல; தமிழ்ப் பக்கத்தைத் திரையில் படம்பிடித்து அனுப்பினோம்.

மொழியுரிமை பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் மொழிபெயர்ப்பைப் பற்றியே பேசுகின்றோம். தமிழில் இருக்கிறதா இல்லையா என்பதே எமது கேள்வியாக இருந்து வந்துள்ளது. அக்கேள்வி இன்றும் அவசியமானதே. ஆயினும் தமிழில் இருந்தும் சென்றடைய முடியாத பக்கம் என்றொரு வகை இணையத்தில் உண்டு. பலகையில் தமிழில் எழுதி, பலகையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பானது அது. தமிழ்ப் பக்கத்துக்குத் தனக்கென ஒரு முகவரி இல்லாவிடின் அதனை இன்னொருவருக்கு அனுப்ப முடியாது; கடிதத்திலோ முறைப்பாட்டிலோ மேற்கோள் காட்ட முடியாது; கூகிள் போன்ற தேடல் இயந்திரங்களாலும் அதனைக் கண்டெடுக்க முடியாது. படம்பிடித்து அனுப்பலாம் என்றால், படத்திலுள்ள எழுத்தை எவரும் தேட முடியாது. பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் அதனை வாசிக்காது. விண்ணப்பப் படிவத்துக்கான தொடுப்பு வெறும் நீலநிறக் கோடாகவே எஞ்சும்.

இணைய முகவரியை நாம் நாள்தோறும் கண்டாலும் அதன் அமைப்பைக் கூர்ந்து நோக்குபவர்கள் குறைவு. அது பிரதானமாக இரு கூறுகளைக் கொண்டது. முதலாவது தளத்தின் பெயர். அரபு எழுத்தை வாசிப்பதைப் போல இதனை வலமிருந்து இடமாக வாசித்தால் விளங்கும். வலது அந்தத்தில் 'டொட் எல்கே' இருந்தால் அது 1990 முதல் இலங்கைக்கு உரியதாக உள்ள நாட்டுக் குறியீடு. அதற்கு இடப்புறத்தில் அரசைக் குறிக்கும் சொல். அதற்கும் இடப்புறத்தில் நிறுவனத்தின் பெயர். கடித உறையின் கடைசி வரியில் நாட்டையும் முதல் வரியில் ஆளின் பெயரையும் எழுதும் அதே ஒழுங்குதான். பெயர் முடிந்து சாய்கோடு ஒன்று வந்த பின்னர் தொடங்குவது இரண்டாவது கூறு. அது தளத்துக்குள்ளே செல்லும் வழி. இதனை இடமிருந்து வலமாக வாசிக்க வேண்டும். எந்த அறை, எந்த அலுமாரி, எந்தக் கோப்பு என்றவாறு அது பெரியதிலிருந்து சிறியதை நோக்கிச் செல்லும்.

ஒரே தளம் பல மொழிகளிலும் பல நாடுகளுக்காகவும் இயங்கும்போது, மொழியையும் நாட்டையும் இந்த முகவரியில் எங்கே வைப்பது என்ற கேள்வி எழுகின்றது. வலது அந்தத்தில் நாட்டுக் குறியீடாக வைக்கலாம். இடது அந்தத்தில் பெயருக்கு முன்னொட்டாக வைக்கலாம். சாய்கோட்டுக்குப் பின்னர் முதலாவது அறையாக வைக்கலாம். முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறியை இட்டு அதன் பின்னர் தொங்கவிடலாம். எங்குமே வைக்காமல், நாம் மேலே கூறியவாறு வாசகரின் கணினியில் ஒளித்தும் வைக்கலாம். கடைசியாகக் கூறியதை ஒரு வழி என்று சொல்வதே பொருத்தமற்றது. கேள்விக்குறி முறையை விரும்பத்தக்கதல்ல என்று கூகிள் நிறுவனமே தனது வழிகாட்டலில் கூறுகின்றது. எஞ்சிய மூன்றுமே சிந்திக்கத்தக்கவை.

வலது அந்தத்து நாட்டுக் குறியீட்டு முறைக்கு அமேசன் நிறுவனம் தக்க உதாரணம். இந்தியாவுக்கு ஒன்று, ஜேர்மனிக்கு ஒன்று, ஐக்கிய அரபு இராச்சியத்துக்கு ஒன்று என அது தனித்தனித் தளங்களை நடத்துகின்றது. விலை, வரி, பொருள் விநியோகம் ஆகியன நாட்டுக்கு நாடு மாறுபடும் வணிகத்துக்கு இது பொருந்தும். ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் பெயரைப் பதிவு செய்து, புதுப்பித்து, பராமரிக்க வேண்டும். நாட்டுக் குறியீடுகளை ஆளுகின்ற விதிகளும் அந்தந்த ஆட்சிப்பரப்பின் அரசியலுக்கு உட்பட்டவை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா வெளியேறியதன் விளைவாக, ஒன்றியத்தின் குடியுரிமையின்றிப் பிரித்தானியாவில் மட்டும் நிலைகொண்டிருந்தவர்கள் 'டொட் ஈயூ' பெயர்களை வைத்திருக்கும் தகுதியை 2021 ஜனவரியுடன் இழந்தனர். பல ஆண்டுகள் பழகிய முகவரி ஒரு நாட்டின் வாக்கெடுப்பினால் பறிபோனது.

முன்னொட்டு முறையை விக்கிப்பீடியாவில் காணலாம். 2003 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரி, தமிழைக் குறிக்கும் 'ரீ', 'ஏ' என்ற இரு ஆங்கில எழுத்துக்களுடன் தொடங்குகின்றது. அங்கே நாடு என்ற பேச்சே இல்லை. யாழ்ப்பாணத்தவரும் சென்னைவாசியும் சிங்கப்பூரில் வாழ்பவரும் ஒரே கட்டுரையில் கைவைக்கின்றனர். டொலரா டாலரா என்ற வாதம் அங்கே ஓயாமல் இருப்பதில் வியப்பில்லை. அறிவைத் திரட்டும் பணிக்கு நாட்டெல்லை தடையாகும் என்பதால் மொழியை மட்டும் முன்னிறுத்திய அவ்வமைப்பு சரியானதென்றே கருதுகின்றோம். அல்ஜசீரா ஊடக நிறுவனமோ ஒரு படி மேலே சென்று, அரபு மொழிச் செய்திகளுக்கு 'டொட் நெற்' என முடியும் பெயரையும் ஆங்கிலச் செய்திகளுக்கு 'டொட் கொம்' என முடியும் பெயரையும் பயன்படுத்துகின்றது. இரு மொழிகளுக்கும் ஆசிரிய பீடங்கள் வேறாக உள்ள ஒரு பெரிய நிறுவனத்துக்கே இது சாத்தியம்.

சாய்கோட்டுக்குப் பின்னர் மொழியை முதலாவது அறையாக வைக்கும் முறையே அரச நிறுவனங்களுக்கும் நடுத்தர நிறுவனங்களுக்கும் மிகப் பொருத்தமானது என்பது எமது துணிபு. பிபிசி தமிழ்ச் சேவையையும் சிங்களச் சேவையையும் இணையத்தில் தேடிச் செல்வோர் இதனைக் கவனித்திருப்பர். ஒரே பெயர், சாய்கோடு, அதன் பின்னர் மொழியின் பெயர். எமது மத்திய வங்கியின் தளத்திலும் ஆங்கிலம், சிங்களம், தமிழ் ஆகியவற்றுக்கு இவ்வாறு தனித்தனி வழிகள் உண்டு. பாராளுமன்றத் தளமும் இவ்வொழுங்கை நெடுங்காலமாகக் கையாண்டு வந்துள்ளது. ஆகவே எமது நாட்டில் இது தெரியாத வித்தையல்ல. ஒரு நிறுவனம் செய்ததை இன்னொரு நிறுவனம் ஏன் செய்யவில்லை என்பதே கேள்வி. ஒரு பெயர், ஒரு பதிவுக் கட்டணம், ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு மூன்று மொழிகளையும் நடத்திவிடலாம் என்பதால் செலவையும் காரணம் காட்ட முடியாது.

எம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் கனடாவில் ஆங்கிலமும் பிரெஞ்சும் சம அந்தஸ்துடைய அரசகரும மொழிகள். அங்குள்ள மத்திய அரசின் பொதுத் தளத்தில் ஆங்கிலப் பக்கங்கள் ஓர் அறையிலும் பிரெஞ்சுப் பக்கங்கள் மற்றோர் அறையிலும் உள்ளன. அத்தோடு நின்றுவிடவில்லை, குடிவரவுத் திணைக்களத்தின் பெயர் ஆங்கில முகவரியில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சு முகவரியில் பிரெஞ்சிலும் எழுதப்பட்டுள்ளது. பொதுத் தளம் வருவதற்கு முன்னர், கனேடிய வருமான வரி முகவரகம் தனது தளத்தின் பெயரிலேயே ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களையும் பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துக்களையும் ஒரு சிறுகோட்டினால் இணைத்து வைத்திருந்தது. முகவரி அழகாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் எந்த மொழியாரும் தமது பெயரை அதில் காணலாம். நான்கு தேசிய மொழிகளைக் கொண்ட சுவிற்சர்லாந்தோ தனது நாட்டுக் குறியீட்டிலேயே இச்சிக்கலைத் தீர்த்துக்கொண்டது. அந்நாட்டின் 'சீ', 'எச்' என்ற இரு எழுத்துக்கள் ஜேர்மன் மொழிப் பெயரிலிருந்தோ பிரெஞ்சுப் பெயரிலிருந்தோ பெறப்பட்டவையல்ல. இலத்தீன் மொழியிலுள்ள பெயரின் முதலெழுத்துக்கள் அவை. இலத்தீன் அங்கே எவருக்கும் தாய்மொழியல்ல என்பதே அதன் சிறப்பு.

இனி, நாட்டையும் மொழியையும் ஒன்றாகக் கருதும் தவறைப் பற்றிக் கூற வேண்டும். இதுவே இத்துறையில் அடிக்கடி நிகழும் தவறாகும். மொழிகளுக்கென ஒரு சர்வதேசக் குறியீட்டுப் பட்டியலும் நாடுகளுக்கென வேறொரு பட்டியலும் உள்ளன. இரண்டும் இரண்டிரண்டு எழுத்துக்களால் ஆனவை என்பதால் குழப்பம் எளிதில் நேர்கின்றது. சிங்கள மொழியைக் குறிக்கும் 'எஸ்', 'ஐ' என்ற எழுத்துக்களே நாடுகளின் பட்டியலில் ஸ்லோவேனியாவைக் குறிக்கின்றன. அரபு மொழிக்குரிய 'ஏ', 'ஆர்' என்பன ஆர்ஜென்டீனாவுக்கும் உரியவை. மலாய் மொழியின் குறியீடு கரீபியன் கடலிலுள்ள மொன்செராற் தீவின் குறியீடும் ஆகும். எனவே முகவரியில் இரு எழுத்துக்களைக் கண்டால் அது மொழியா நாடா என்பது தளம் முழுவதும் ஒரே ஒழுங்கில் இருக்க வேண்டும். எமிரேட்ஸ் விமான சேவையின் தளத்தில் முதலில் நாட்டின் குறியீடும் அதனையடுத்து மொழியின் பெயர் முழுமையாகவும் வருகின்றன. இலங்கை, ஆங்கிலம், அமீரகம், அரபு என்றவாறு. மத்திய கிழக்குக்குப் பயணச்சீட்டு வாங்கிய எவரும் இதனைக் காணலாம். ஐயத்துக்கு இடம் வைக்காத ஒழுங்கு அது.

நாட்டைப் பிரித்துக் காட்ட வேண்டிய தேவை தமிழுக்கும் உண்டு. தமிழ்நாட்டில் 'துறை' என்பது எமக்குத் 'திணைக்களம்'. அங்கே 'அமைச்சகம்', இங்கே 'அமைச்சு'. அங்கே பிளஸ் டூ, இங்கே உயர்தரம். வங்கியொன்றோ தொலைபேசி நிறுவனமொன்றோ சென்னையில் தயாரித்த தமிழ்ப் பக்கத்தை அப்படியே கொழும்பு வாடிக்கையாளருக்குக் காட்டினால் எழுத்து விளங்கும், விடயம் விளங்காது. இதற்காகவே மொழிக் குறியீட்டோடு நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து, இலங்கைத் தமிழ், இந்தியத் தமிழ் என்று பிரித்துக் காட்டும் வழக்கம் உள்ளது. மொழி முன்னும் நாடு பின்னுமாக வருவது அதன் விதி.

எனினும் ஒரு நாட்டுக்குள்ளே, வாசகர் எங்கிருந்து பார்க்கின்றார் என்பதைக் கொண்டு மொழியைத் தீர்மானிப்பது பெருந்தவறு. கொட்டாஞ்சேனையில் வாழும் தமிழருக்கும் அக்குறணையிலும் பேருவளையிலும் வாழும் முஸ்லிம்களுக்கும் இது நன்கு தெரியும். வீட்டில் தமிழ் பேசி, பாடசாலையில் சிங்கள மொழிமூலத்தில் அல்லது ஆங்கில மொழிமூலத்தில் கற்ற பிள்ளைகள் முஸ்லிம் குடும்பங்களில் ஏராளம். தந்தைக்குத் தமிழ்ப் பக்கமும் மகளுக்கு ஆங்கிலப் பக்கமும் ஒரே வீட்டில், ஒரே இணைப்பில் தேவைப்படலாம். வவுனியாவில் கடமையாற்றும் சிங்கள உத்தியோகத்தருக்குத் தமிழ்ப் பக்கத்தைத் திணிப்பதும் முறையல்ல. தீர்மானிக்க வேண்டியவர் வாசகர். தளம் ஒரு மொழியைப் பரிந்துரைக்கலாம். வாசகரை அதற்குள் தள்ளிவிடக் கூடாது. இதில் இன்னொரு பாதகமும் உண்டு. கூகிளின் தேடல் இயந்திரம் இணையப் பக்கங்களைப் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே பார்வையிடுகின்றது. இருப்பிடத்தைக் கொண்டு மொழியைத் தெரிவுசெய்யும் தளம் அதற்கு ஆங்கிலப் பக்கத்தையே காட்டும். தமிழ்ப் பக்கம் அதன் கண்ணில் படாமலே போய்விடும்.

மொழிக்குப் பதிலாகக் கொடியை வைக்கும் தளங்களையும் இங்கே குறிப்பிடலாம். ஆங்கிலத்துக்குப் பிரித்தானியக் கொடி, பிரெஞ்சுக்குப் பிரான்ஸின் கொடி என்பது சிலரது வழக்கம். எமது நாட்டில் அதனைச் செய்யப் புகுபவர் தமிழுக்கு எந்தக் கொடியை வைப்பதாக உத்தேசித்திருக்கின்றார் என்பதை முதலில் கூறட்டும். மொழியின் பெயரை அந்த மொழியிலேயே எழுதிவிட்டால் போதுமானது.

முகவரி முழுவதையுமே தமிழில் எழுதினால் என்ன என்று வாசகர் சிலர் கேட்கக் கூடும். அதுவும் முடியும். 2010 மே மாதத்தில் எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகியன அரபு எழுத்தில் தமது நாட்டுப் பெயரை இணையத்தின் உச்சப் பெயராக முதன்முதலில் பெற்றுக்கொண்டன. அதே ஆண்டிலேயே எமது நாட்டுக்குத் தமிழில் 'இலங்கை' என்றும் சிங்களத்தில் 'லங்கா' என்றும் இரு பெயர்கள் கிடைத்தன. 2011 இல் 'இந்தியா', 'சிங்கப்பூர்' என்பனவும் தமிழில் இடம்பிடித்தன. மூன்று நாடுகளின் பெயர்கள் இணையத்தின் உச்சியில் தமிழ் எழுத்தில் இருப்பது சிறிய விடயமல்ல.

ஆயினும் நடைமுறை அத்துணை இலகுவானதல்ல. இணையத்தின் பெயர்ப் பதிவேடு இன்றும் ஆங்கில எழுத்துக்களையும் இலக்கங்களையும் சிறுகோட்டையும் அடிப்படையாகக் கொண்டே இயங்குகின்றது. தமிழில் நாம் தட்டெழுதும் பெயரை, இணையத்தில் பக்கங்களைத் திறக்கும் மென்பொருளான உலாவி, ஆங்கில எழுத்துக்களின் ஒரு விசித்திரக் கோவையாக மாற்றியே அனுப்புகின்றது. தளத்தின் பெயருக்குப் பின்னர் வரும் வழியில் தமிழ்ச் சொற்களை வைத்தால் சங்கடம் வேறு வகையானது. ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்துக்களாக விரிகின்றது. 'யாழ்ப்பாணம்' என்ற சொல்லில் கணினி எண்ணுகின்ற குறிகள் 11. உலாவியில் அழகாகத் தெரியும் அச்சொல்லைப் பிரதி செய்து கடிதமொன்றில் ஒட்டினால், பல சமயங்களில் விழுக்காட்டுக் குறிகள் நிறைந்த 99 எழுத்துக்களாக அது வந்து விழும். அதனைச் சுவரொட்டியில் அச்சிட முடியாது. தொலைபேசியில் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது.

இதனினும் நுட்பமான சிக்கலொன்று எமது நாட்டின் பெயரிலேயே ஒளிந்திருக்கின்றது. 'ஸ்ரீ' என்ற எழுத்தை ஒருங்குறியில் இரு வெவ்வேறு அடிப்படை எழுத்துக்களைக் கொண்டு உருவாக்கலாம். ஒன்று 'ஸ' என்ற எழுத்திலிருந்து பிறப்பது. மற்றையது 2005 இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட இன்னொரு வடமொழி எழுத்திலிருந்து பிறப்பது. திரையில் பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கோ அவை இரு வேறு முகவரிகள். பழைய தமிழ் இலக்கங்களில் ஒன்று 'க' போலவும் இரண்டு 'உ' போலவும் இருப்பதும் இவ்வாறானதே. மோசடிக்காரர்களுக்கு இவை வாய்ப்பான இடங்கள். பெயர்களைப் பதிவு செய்வதற்கான விதிகளில் இத்தகைய இரட்டைகளைத் தடுக்கும் ஏற்பாடுகள் ஆக்கப்பட்டுள்ளன. ஆனால் சாய்கோட்டுக்குப் பின்னுள்ள வழிக்கு அவ்விதிகள் பொருந்தா.

தமிழ்ப் பற்றில் எவருக்கும் குறைந்தவர்களல்ல நாம். எனினும் அரச தளங்களைப் பொறுத்தவரை, தமிழிலான பெயரை மேலதிக வாசலாகத் திறந்து வைத்து, உள்ளே செல்லும் வழியைத் தற்போதைக்குச் சிறிய எழுத்துக் குறியீடுகளால் அமைப்பதே பயன் தருமென்று எண்ணுகின்றோம். மொழியைக் குறிக்கும் இரண்டு எழுத்துக்கள் முதலில் வரட்டும். அதன் பின்னுள்ள வழி மூன்று மொழிகளுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். அப்போது சிங்களப் பக்கத்தின் முகவரி கையிலிருக்கும் ஒருவர், இரண்டு எழுத்துக்களை மாற்றிய மாத்திரத்தில் அதே விடயத்தின் தமிழ்ப் பக்கத்தை அடையலாம். இன்று பல தளங்களில் 'தமிழ்' என்பதை அழுத்தினால், வாசித்துக்கொண்டிருந்த பக்கத்தை விட்டு முகப்புப் பக்கத்துக்குத் தூக்கி எறியப்படுகின்றோம். அங்கிருந்து மீண்டும் தேட வேண்டும். தேடி அலுத்தவர் கடைசியில் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வாசித்துவிட்டுப் போகின்றார். தமிழ்ப் பக்கத்தைப் பார்ப்போர் இல்லை என்று அந்நிறுவனம் கணக்குக் காட்டுவதற்கு அதுவே ஆதாரமாகி விடுகின்றது.

முகவரிகளைச் சரியாக அமைத்தாலும், இம்மூன்றும் ஒரே பக்கத்தின் மூன்று மொழி வடிவங்கள் என்பதைத் தேடல் இயந்திரத்துக்கு உணர்த்த வேண்டும். இதற்கென 2011 இல் கூகிள் ஒரு குறியீட்டு முறையை அறிமுகப்படுத்தியது. பக்கத்தின் தலைப்பகுதியில், வாசகரின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இதன் சிங்கள வடிவம் இங்கே, ஆங்கில வடிவம் அங்கே என்று எழுதி வைப்பதுதான் அது. அதிலுள்ள ஒரு விதி எமது கவனத்தை ஈர்த்தது. தமிழ்ப் பக்கம் சிங்களப் பக்கத்தைச் சுட்டினால் மட்டும் போதாது. சிங்களப் பக்கமும் தமிழ்ப் பக்கத்தைத் திருப்பிச் சுட்ட வேண்டும். ஒருதலைப்பட்சமான சுட்டு கணக்கில் எடுக்கப்படமாட்டாது. பொறியியலாளர்கள் அரசியலை நினைத்து இவ்விதியை ஆக்கியிருக்கமாட்டார்கள்.

முகவரி நிலைத்திருக்க வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்ததே. உலகளாவிய வலையை உருவாக்கிய ரிம் பேர்னர்ஸ் லீ, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்ற கருத்தை 1998 இலேயே ஒரு கட்டுரையில் வலியுறுத்தியிருந்தார். எமது நாட்டில் அமைச்சரவை மாறுந்தோறும் அமைச்சுக்களின் பெயர்கள் மாறுகின்றன. ஓர் அமைச்சிலிருந்த விடயம் இன்னோர் அமைச்சுக்குச் செல்கின்றது. பெயரோடு தளமும் மாறி, முன்னர் வெளியிட்ட சுற்றறிக்கைகளின் முகவரிகள் பயனற்றுப் போகின்றன. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் உள்ள பிரதிகள் வேறு பல இடங்களில் எடுத்தாளப்பட்டிருக்கும் என்பதால் எப்படியோ தப்பிப் பிழைத்து விடுகின்றன. தமிழ்ப் பிரதிக்கு அந்த ஒரே இடந்தான் இருந்திருக்கும். அது போனால் ஆவணமே போய்விடும். அமைச்சின் அன்றைய பெயரை விடுத்து, ஓய்வூதியம், காணி, பரீட்சை என்று பணியின் பெயரால் முகவரி அமைந்தால் இந்நிலை பெரிதும் தவிர்க்கப்படும். தவிர்க்க முடியாமல் மாற்ற நேர்ந்தால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு உண்டு. கணினித் துறையினர் அதனை 301 என்ற இலக்கத்தால் அழைப்பர். தபாற்கந்தோரில் முகவரி மாற்றத்தை அறிவித்து வைப்பதைப் போன்றது அது. ஆனால் அதனைச் செய்யும்போது தமிழ்ப் பக்கத்தைத் தமிழ்ப் பக்கத்துக்கே திருப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஆங்கில முகப்புக்குத் திருப்பிவிட்டுக் கைகழுவுவது வழமையாகி விட்டது.

1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1987 இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988 இல் பதினாறாவது திருத்தம் நிர்வாகத்திலும் நீதிமன்றத்திலும் அதன் பயன்பாட்டை வகுத்தது. 1991 இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழு சட்டத்தினால் நிறுவப்பட்டது. இச்சட்டங்களை வரைந்தவர்கள் படிவம், கடிதம், பெயர்ப்பலகை ஆகியவற்றையே மனத்திற் கொண்டிருந்தனர்; இணைய முகவரி என்ற ஒன்று அன்று பொதுமக்களின் கைக்கு எட்டியிருக்கவில்லை. இன்றோ படிவமும் கடிதமும் பெயர்ப்பலகையும் அந்த ஒற்றை வரிக்குள் அடங்கிவிட்டன. ஆகவே அவ்வரியின் அமைப்பை ஒப்பந்தக்கார நிறுவனமொன்றின் இளம் நிகழ்ச்சித்திட்டவியலாளரின் வசதிக்கு விட்டுவிட முடியாது. அரச நிறுவனமொன்று இணையத்தளம் அமைக்கக் கேள்விப்பத்திரம் கோரும்போதே, ஒவ்வொரு பக்கத்துக்கும் மும்மொழிகளிலும் தனித்தனி முகவரி இருத்தல் வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்த்தல் வேண்டும். தளம் கட்டி முடிந்த பின்னர் அதனை மாற்றுவது, வீடு கட்டி முடிந்த பின்னர் அத்திவாரத்தை நகர்த்துவதற்குச் சமமான செலவை உண்டாக்கும்.

வாசகர்கள் இதனைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். தங்களுக்கு அடிக்கடி தேவைப்படும் அரச தளமொன்றையோ வங்கியின் தளமொன்றையோ திறந்து, உள்ளே ஏதாவதொரு பக்கத்தைத் தமிழில் வரச் செய்யுங்கள். முகவரியைப் பிரதி செய்து வீட்டிலுள்ள இன்னொருவரின் கைத்தொலைபேசிக்கு அனுப்புங்கள். அங்கே அதே பக்கம் தமிழில் திறந்தால் அத்தளம் ஒழுங்காக அமைக்கப்பட்டுள்ளது. சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் திறந்தால், எந்தப் பக்கம், எந்தத் திகதி, எந்த மொழியில் திறந்தது என்பவற்றைக் குறித்து அந்நிறுவனத்துக்கு எழுதுங்கள். பிரதியொன்றை அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் அனுப்பலாம். அரச நிறுவனமாயின், தமிழ்ப் பக்கங்களின் முகவரிப் பட்டியலை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோரவும் முடியும். மூதூர் அதிபர் இப்போது எம்மிடமிருந்து ஒரு முகவரி வந்தால், அதனை மாணவர்களுக்கு அனுப்புவதற்கு முன்னர் தமது மனைவியின் கைத்தொலைபேசியில் திறந்து பார்த்துக்கொள்வதாகக் கூறினார்.